நாலாவது குப்பி

"அதை விட்டுடும்மா, மூணு போதும்" என்று அன்றைக்கு நான் சொன்னது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

என் மாணவி ஆய்வுக்கு எடுத்திருந்தது பினைல்அலனின் என்ற அமினோ அமிலம். சூடான கரைசலை ஆறவிட்டால் ஒரு மூலக்கூறின் அமீன் முனை அடுத்ததன் கார்பாக்சில் முனையை இழுத்துக்கொண்டு, நூல் நூலாகத் திரளும். இந்த நூல்கள், அல்சைமர் போன்ற நோய்களில் படியும் அமிலாய்டு என்ற புரத இழைகளை ஒத்தவை என்று 2012-இல் இஸ்ரேல் குழு ஒன்று காட்டியதிலிருந்து, பினைல்அலனின் உடலில் தேங்கிவிடும் பினைல்கீட்டோன்யூரியா நோயைப் பற்றி யோசிப்பவர்கள் எல்லாருக்கும் இதில் அக்கறை. தாமிர அயனி சேர்த்தால் கதையே மாறிவிடும். அது இரண்டு மூலக்கூறுகளை நைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் கவ்விக்கொள்ளும். நூல் வராது, வெளிர்நீலத் தகடுகள் படியும்.

ஒப்பீட்டுக்காக உலோகமே சேர்க்காமல் வைத்த நாலு குப்பிகளில் மூன்றில் நூல். நாலாவதில் செதில்.

"சார், இது மட்டும் போர் தண்ணியில அலசினது. அன்னைக்கு டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோச்சு. தண்ணியில இருக்கிற உலோகமா இருக்குமோ? உலோகத்தைப் பிடிச்சுக்கிற ஈடிடிஏ போட்டுப் பார்க்கட்டுமா?"

அவள் ராணிப்பேட்டைப் பெண். அப்பாவுக்கு டேனரியில் வேலை. பச்சைத்தோல் கொதிநீரில் சுருங்கிப்போகும், குரோம் போட்டு நீலமான தோல் அப்படியே நிற்கும் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்தவள். குரோமியம், தோலின் புரதமான கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களின் கார்பாக்சில் முனைகளை இணைத்துக் கட்டுவதால்தான் அது. "அங்கேயும் உலோகம்தானே சார் பிடிச்சுக்கிது?" என்றாள்.

நல்ல கேள்விதான். ஆனால் கழுவியபின் ஒட்டியிருந்த ஓரிரு துளியில் எவ்வளவு உலோகம் இருந்துவிடும்? தவிர, கரைசல் ஏறக்குறைய 37 டிகிரிக்கு மேல் இருந்தாலே பினைல்அலனின் நூலாகாமல், நீரற்ற செதிலாகப் படியும். வேலூரில் அது மே மாதம். நாலாவது குப்பி ஜன்னலோரம் இருந்தது. அலசிய விதம் தவறிவிட்ட குப்பியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எந்த வழிகாட்டியும் இதைத்தான் சொல்வார்.

சரி, அப்படியென்றால் ஈடிடிஏ போட்டுப் பார்க்க விட்டிருக்கலாமே? பாதி நாள் வேலை. செதில் கரையாமல் போயிருந்தால் வெயில்தான் காரணம் என்று அவளே கண்டுபிடித்திருப்பாள். வைவாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நிஜமாகவே ஒன்பது நாள்தான். ஆனால் அவள் கேட்டது அரை நாள்.

குப்பியை ஏன் நீக்கினோம் என்று ஆய்வறிக்கையில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது அவளுடைய நோட்டு கிடைத்தது. நாலாவது குப்பியின் வரியை ஒரே கோடாக, படிக்கும்படி அடித்திருக்கிறாள். பக்கத்தில் தேதி, "போர் தண்ணீர், ஜன்னலோரம்" என்ற குறிப்பு. ஜன்னலையும் அவள் கவனித்திருக்கிறாள். கீழே என் கையெழுத்து.