மகனுக்கு என்று போனோம், வைத்தியம் எங்களுக்கு

மகனின் பின்கழுத்து கறுத்துக்கொண்டே வந்தது. அழுக்கு என்று நினைத்து இரண்டு மாதம் பயத்தமாவு போட்டுத் தேய்த்தேன். "வலிக்குதும்மா" என்று அழுவான். காய்ச்சலுக்குப் போனபோதுதான் மருத்துவர் கவனித்தார். அது அழுக்கில்லையாம், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாம். அவனை அழவிட்டுத் தேய்த்ததை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

அப்போது அவனுக்கு 9 வயது. 132 செ.மீ. உயரம், 42 கிலோ எடை. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ 24. பெரியவர்களின் கணக்கு குழந்தைகளுக்கு உதவாது. வயதுக்கேற்ற வரைபடத்தில் அவன் புள்ளி உடல்பருமன் கோட்டுக்கு மேலே நின்றது.

மருத்துவர் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களைத்தான் கேள்வி கேட்டார். வீட்டுக்குச் சாமான் வாங்குவது யார்? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு? டிவி பார்த்துக்கொண்டேவா? எடையைக் குறைக்கச் சொல்லவில்லை. "கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உயரம் வளரும்போது சரியாகிவரும்" என்றார்.

பிஸ்கட், பாட்டில் ஜூஸ் வாங்குவதை நிறுத்தினோம். அது சுலபம். என் கணவர் ராத்திரி ஒன்பதரைக்குப் பரோட்டா பார்சலோடு வருவதை நிறுத்தத்தான் இரண்டு மாதம் ஆனது. இப்போது எல்லோருக்கும் ஏழரைக்கே சாப்பாடு. தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பதால் டியூஷனைக் குறைத்தோம். சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி அவனோடு நாங்களும் நடக்கிறோம்.

அத்தை, "வளர்ற பிள்ளை வாயைக் கட்டாதே" என்று சண்டை போட்டார். அடுத்த முறை அவரையும் கூட்டிப்போனோம். அவருக்கே சர்க்கரை உண்டு. "இவனுக்கு இந்த வயசிலேயே மாத்திரை வேண்டாம்யா" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தவர், மறுநாளே சுண்டலுக்குப் பயறு ஊறப்போட்டார்.

நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியை எடுத்தவனை எல்லோர் முன்னாலும் அதட்டினேன். அந்த வாரமே அவன் புத்தகப் பையில் ஒளித்துவைத்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தேன். மருத்துவரிடம் சொல்லி அழுதேன். "என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதை அவனிடம் விடுங்கள்" என்றார். அதற்கப்புறம் அவன் தட்டை எட்டிப்பார்ப்பதில்லை. "குண்டு" என்று கூப்பிடும் சொந்தக்காரர்களிடம் நேராகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பத்து மாதத்தில் 137 செ.மீ., 43 கிலோ. பிஎம்ஐ 23க்குக் கொஞ்சம் கீழே. கழுத்துக் கருமை இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் வெளிறியிருக்கிறது. தேய்க்காமல், வெறும் தண்ணீர் ஊற்றித்தான் குளிப்பாட்டுகிறேன்.