அரை டன் என்று சொன்ன அத்தோ வண்டி

எங்கள் வீட்டு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை வடசென்னை தண்டையார்பேட்டையில் ஒரு தள்ளுவண்டி. அதையே காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டியாக மாற்றினால் சாயந்தரம் எண்ணூர், ஞாயிற்றுக்கிழமை வேறு பக்கம் என்று போகலாமே என்று போன வருஷம் தோன்றியது. எங்கள் ஏரியாவில் டிரெய்லர் என்றால் கன்டெய்னர் ஏற்றுகிற நீள வண்டிதான், அதனால் டிரெய்லர் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் பாதிப் பேர் நான் ஹார்பர் ஓட்டத்தில் இறங்கிவிட்டேன் என்றே நினைத்தார்கள்.

முதலில் என் சின்ன காரில் இழுக்கலாம் என்றுதான் இருந்தேன். அதோடு வந்த புத்தகத்தை ஐந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் பிரித்தேன். இந்த வண்டி டிரெய்லர் இழுப்பதற்கானது இல்லை என்று ஒரே வரி. சரி, அது அங்கேயே முடிந்தது. மச்சானுடைய டீசல் எஸ்யூவியின் புத்தகத்தில் கணக்கு இருந்தது: பிரேக் உள்ள டிரெய்லர் 1,500 கிலோ வரை, பிரேக் இல்லாதது 750 கிலோ வரை, கொக்கி மேல் அழுத்தும் எடை 75 கிலோ வரை. வண்டியின் காலி எடை 1,650. நான் படித்ததெல்லாம் அந்த 1,500-ஐ மட்டும்தான், மற்ற இரண்டும் கண்ணில் படவே இல்லை.

செங்குன்றம் பக்கம் ஆர்.சி. இருக்கிற பழைய ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்று கிடைத்தது. ஆர்.சி.யில் காலி எடை 480, சுமையோடு 900. அதன் மேல் பட்டறையில் பாடி கட்டினோம். கனமான இரும்புத் தகடு, கிரானைட் கவுன்டர், மேலே திறக்கிற கதவு என்று பார்க்க ராஜா மாதிரி இருந்தது. எவ்வளவு எடை வரும் என்று கேட்டதற்குப் பட்டறைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "அரை டன்தாண்ணே, பயப்படாத" என்றார்.

என் பெரியப்பா முப்பது வருஷம் ஹார்பரில் கன்டெய்னர் ஓட்டியவர். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், "பிரேக் எங்கடா?" என்றார். இது சின்ன வண்டிதானே, கார் பிரேக்கே போதும் என்றேன். பதில் சொல்லாமல், "நாளைக்கு எடை மேடைக்குக் கொண்டா, சாமான் எல்லாத்தையும் ஏத்திக்கினு வா" என்றார்.

மணலி, மாதவரம் பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எங்கள் மஞ்சள் பெட்டி வரிசையில் நின்றதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். முதலில் காலி டிரெய்லரை மட்டும் கழற்றி மேடையில் விட்டோம். 690 என்று வந்தது. அரை டன்னாம்! அப்புறம் சாமானை ஏற்றினோம்: வணிக சிலிண்டர் இரண்டு (19 கிலோ கேஸ் என்கிறார்கள், இரும்போடு சேர்த்து ஒன்று 37 கிலோ வருகிறது), தண்ணீர் டிரம் 100 லிட்டர், வாழைத்தண்டு சூப் குண்டான், பிரிட்ஜ், ஜெனரேட்டர், அடுப்பும் கல்லும், நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், எண்ணெய். ரசீதில் 1,090. ஆர்.சி.யில் இருக்கும் 900-ஐவிட 190 கிலோ அதிகம், பிரேக் இல்லாததற்கு மச்சான் வண்டி தாங்கும் 750-ஐவிட 340 கிலோ அதிகம்.

சட்டத்திலும் மாட்டியிருப்பேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் 113-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் காலி எடை, சுமை எடை இரண்டில் எதையும் தாண்டி ஓட்டக் கூடாது என்கிறது, டிரெய்லருக்கும் சேர்த்து. நம்முடையது காலியாக இருக்கும்போதே தப்பு, 480 என்று எழுதியிருக்கும் வண்டி 690 நிற்கிறது. அதிகச் சுமைக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. ஒரு மாசம் அத்தோ விற்கணும் அதற்கு.

இங்கிலாந்தில் கேரவன் இழுப்பவர்கள் எழுதுவதையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அங்கே கேரவனின் மொத்த எடை காரின் காலி எடையில் 85 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்று புதிதாக ஓட்டுபவர்களுக்குச் சொல்கிறார்கள், அது அறிவுரைதான், சட்டம் இல்லை. சட்டமாக இருப்பது பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோ அல்லது காரின் காலி எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. அவர்கள் ஊர்ச் சட்டம் நமக்குப் பொருந்தாது, ஆனால் எதை எதோடு ஒப்பிடணும் என்பது அங்கேதான் புரிந்தது. நம்மிடம் எத்தனை தாள் இருக்கிறதோ அத்தனையிலும் ஒரு எண் இருக்கிறது, அதில் சின்ன எண்தான் நமக்கு.

எண்ணூர் நெடுஞ்சாலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எடை போட்ட மறுநாள், பாதிச் சாமானோடு, எப்படி இழுக்கிறது என்று பார்க்கத்தான் போனோம். பெரியப்பா பக்கத்தில். ஐம்பதைத் தொடும்போது ஒரு கன்டெய்னர் வண்டி எங்களைத் தாண்டியது, அது போன காற்றில் பின்னால் பெட்டி நாய் வாலாட்டுகிற மாதிரி ஆட ஆரம்பித்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எஸ்யூவியின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. "மிதிக்காத! காலை எடு, ஸ்டியரிங்கை நேரா புடி" என்று கத்தினார். காலை எடுத்ததும் வேகம் குறைந்து ஆட்டம் மெல்ல அடங்கியது. ஓரம் கட்டி இறங்கினபோது என் சட்டை முழுக்க வியர்வை.

காரணம் எடை மட்டும் இல்லை, எடை இருந்த இடம். பட்டறையில் சிலிண்டரையும் ஜெனரேட்டரையும் வாட்டமாக இருக்கட்டும் என்று பின்பக்கக் கடைசியில் வைத்திருந்தார்கள். பின்னால் கனம் கூடினால் முன்னால் கொக்கி தூக்கும், அப்படித் தூக்கினால் ஆடும். கொக்கி மேல் விழும் எடையை எடை மேடையில் பார்க்க முடியாது, அது பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். அதனால் அம்மா உடம்பு எடை பார்க்கிற மெஷினை எடுத்துப்போனேன். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கார் கொக்கியின் உயரத்துக்கே ஒரு மரக்கட்டையை அறுத்து மெஷின் மேல் நிறுத்தி, அதன் மேல் டிரெய்லரின் முன்கொக்கியை இறக்கினோம். 14 கிலோ. மொத்த எடையில் ஐந்திலிருந்து ஏழு சதவீதம் இருக்கணும் என்று கேரவன்காரர்கள் சொல்கிறார்கள், இது இரண்டைக்கூடத் தொடவில்லை.

அப்புறம் எல்லாவற்றையும் பிரித்தோம். கிரானைட் போனது, எஸ்.எஸ். தகடு வந்தது. இரும்புச் சுவருக்குப் பதில் லேசான அலுமினிய ஷீட். பிரிட்ஜுக்குப் பதில் ஐஸ் பெட்டி, ஜெனரேட்டருக்குப் பதில் பேட்டரி. தண்ணீரைப் போகிற இடத்தில் கேனில் வாங்கிக்கொள்ளலாம், ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது எனக்கு நாற்பது வயதில்தான் உறைத்தது. சிலிண்டர் ஒன்று போதும், அதை முன்பக்கம் நிற்க வைத்து கம்பி போட்டுக் கட்டினோம். சூப் குண்டானை அச்சுக்கு நேர் மேலே வைத்தோம், ஓடும்போது சூப் அலைமோதினாலும் பெட்டியை ஆட்டாமல் இருக்க. சாமானோடு 750-க்குக் கொஞ்சம் மேலேதான் வரும் என்று தெரிந்ததும் பட்டறைக்காரர், "முப்பது கிலோதாண்ணே, யாரு பாக்கப்போறா" என்றார். பெரியப்பா விடவில்லை. கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுகிற தள்ளலிலேயே பிடிக்கிற பிரேக்கைப் போட்டோம், கொக்கி கழன்றாலும் பிடித்துக்கொள்ள குறுக்கே இரண்டு சங்கிலியும்.

மறுபடி எடை மேடை. காலி 570, சாமானோடு 780. மூக்கு எடை, அதாவது கொக்கி மேல் அழுத்தும் எடை, 52 கிலோ. மச்சான் வண்டியில் மூன்று பேர் ஏறி அந்த 52-ஐயும் சேர்த்தாலும் அதன் மொத்த எடை 2,250-க்குள் வருகிறது, இதையும் பார்க்கணும், நிறைய பேர் மறக்கிற கணக்கு.

ஆர்.சி.யில் 480-ஐ 570 ஆக்குவதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு நடை. பிரேக் இன்ஸ்பெக்டர் எடை ரசீதைத்தான் முதலில் கேட்டார், அப்புறம் பின்விளக்கு, நம்பர் போர்டு, சங்கிலி. டிரெய்லருக்குத் தனி இன்சூரன்ஸ் எடுத்தோம். உணவு லைசென்ஸ், கார்ப்பரேஷன் அனுமதி எல்லாம் வேறு கதை.

இப்போது அதே எண்ணூர் சாலையில் போகிறோம், கன்டெய்னர் தாண்டினால் பெட்டி லேசாக ஒரு முறை அசையும், அவ்வளவுதான். நாற்பத்தைந்துக்கு மேல் நான் போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், இன்னொரு சிலிண்டர் இல்லாமல் முடியாது என்கிறார் அம்மா. 780-ம் 37-ம் 817, ஆர்.சி.க்கு உள்ளேதான். ஆனால் அதையும் முன்னால் வைத்தால் மூக்கு எடை 75-ஐத் தாண்டுமோ என்று சந்தேகம், மரக்கட்டையையும் மெஷினையும் மறுபடி பரணிலிருந்து இறக்கணும்.