பாம் ஷெல்டரில் ஃபிலிம் கழுவுதல்: ஐந்து சுருள்களுக்குப் பின்

என் தாய்மாமா 1980களில் வாங்கிய பென்டாக்ஸ் கே1000 கேமரா, சென்ற தீபாவளிக்கு முன் அத்தை வீட்டைத் துப்புரவு செய்தபோது என் கைக்கு வந்து சேர்ந்தது. லென்ஸைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முன்கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி நூல்போல வெண்ணிழைகள் கிளைவிட்டிருந்தன. பூஞ்சைதான். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில், தோல் உறையில் போட்டுத் துணி அலமாரிக்குள் வைத்த லென்ஸ் வேறெப்படி இருக்கும்? சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் ஒருவர் அதைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சைச் சற்றே அரித்துவிட்டிருந்ததால், வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் கொஞ்சம் மங்கும், மற்றபடி கவலையில்லை என்றார். தோல் உறையைக் குப்பையில் போடச் சொன்னதும் அவர்தான்.

கேமராவின் உடலில் குறையேதும் இல்லை. 1976 முதல் 1997 வரை பெரிய மாற்றமின்றித் தயாரிக்கப்பட்ட இந்த மாடலின் ஷட்டருக்கு மின்கலம் தேவையில்லை. ஒளிமானிக்கு மட்டும் ஒரு சிறிய பொத்தான் பேட்டரி போதும். ஆனால் அந்த ஒளிமானியை அணைக்க விசை கிடையாது. லென்ஸுக்கு மூடி போட்டு இருட்டாக்குவதே அணைப்பது. மூடி போட மறந்து, இரண்டாம் வாரத்திலேயே ஒரு பேட்டரியைத் தீர்த்துவிட்டேன்.

ஃபிலிமில் எடுத்தால்தான் படத்தில் உயிர் இருக்கும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதினைந்து ஆண்டுகளாக டிஜிட்டலில் எடுத்த படங்களில் உயிருக்குக் குறைவில்லை. சிறுவயதில் பேட்டைதோறும் ஒரு மணி நேரத்தில் படம் தரும் கடைகள் இருந்ததால் கண்ணில் படாமலே போன அந்தக் கழுவும் வேலையை, ஒருமுறையாவது என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. ஆகவே, ஏறத்தாழ 15 வெள்ளிக்கு ஒன்றாக இல்ஃபோர்டு எச்பி5 கறுப்பு வெள்ளைச் சுருள்களும், ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் ஐடி-11 டெவலப்பர் தூளும், அந்தப் படத்தை நிலைநிறுத்தும், ஹைப்போ என்று பழைய ஸ்டூடியோக்காரர்கள் சொல்லும் ஃபிக்ஸரும், கழுவுவதற்கு வெளிச்சம் புகாத ஒரு பேட்டர்சன் டாங்கியும் வாங்கினேன்.

முதல் சுருளைக் கெடுத்தது மருந்தன்று, வியர்வை. வெளிச்சம் புகாத, இரண்டு கைகளை மட்டும் நுழைக்கக்கூடிய கறுப்புப் பைக்குள், சுருளின் தகர மூடியைப் பாட்டில் திறப்பானால் நெம்பி எடுத்து, ஃபிலிமை ஒரு பிளாஸ்டிக் ரீலில் ஏற்ற வேண்டும். ரீலின் வாயருகே பக்கத்துக்கொன்றாக இரண்டு சிறு எஃகுக் குண்டுகள் உள்ளன; இரு பக்கங்களையும் மாறி மாறித் திருப்பும்போது அவை ஃபிலிமைக் கவ்வி உள்ளே தள்ளுகின்றன. வரவேற்பறை வெளிச்சத்தில் பழைய ஃபிலிமை வைத்துப் பழகியபோது அரை நிமிட வேலையாக இருந்தது. பைக்குள்ளோ ஐந்தே நிமிடத்தில் என் கைகளின் சூட்டில் புழுக்கம் ஏறியது. ஜெலட்டின் பூச்சு அந்த ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்தது. பாதி ஏறிய ஃபிலிம் அதற்குமேல் நகர மறுத்தது. கையை வெளியே எடுத்தால் வெளிச்சம் பட்டுவிடும் என்று பயந்து, இருபது நிமிடம் இழுத்தும் தள்ளியும் போராடினேன். கழுவி எடுத்தபோது, மடங்கிய இடங்களில் பிறைவடிவத் தழும்புகளும், இரண்டு அடுக்கு ஒட்டிக்கொண்டு மருந்தே படாத இடங்களில் பால்நிறத் திட்டுகளும் இருந்தன. 36 படங்களில் 14 தேறின. ரீலையும் ஃபிலிமையும் அப்படியே டாங்கியில் போட்டு மூடிவிட்டுக் கையை எடுத்து, வியர்வை காய்ந்தபின் மறுபடி தொடங்கியிருக்கலாம் என்பது மறுநாள்தான் உறைத்தது.

அதற்குப் பிறகுதான் பாம் ஷெல்டர் நினைவுக்கு வந்தது. 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஜன்னலே இல்லாத, கனத்த இரும்புக் கதவு போட்ட ஒரு சிற்றறை உண்டு. போர்க்காலப் புகலிடமாகக் கட்டப்பட்ட அதில் எங்கள் வீட்டில் அரிசி மூட்டையும் பயணப் பெட்டிகளும் பொங்கல் பானையும் தங்கியிருக்கின்றன. காற்றுத் துளையைக் கறுப்புத் துணியால் அடைத்து, இரவில் வெளிவிளக்குகளை அணைத்துவிட்டால், பத்து நிமிடம் கண்ணை விரித்துக்கொண்டு நின்றாலும் சொந்தக் கை தெரியாத இருட்டு. பக்கத்து அறையில் ஏர்கானைப் போட்டு, ஷெல்டர் கதவை அரை மணி நேரம் திறந்து வைத்து, உள்காற்று குளிர்ந்து காய்ந்தபின் கதவைச் சாத்திக்கொள்கிறேன். ரீலையும் முடி உலர்த்தியால் ஒருமுறை காயவைக்கிறேன், ஏனென்றால் முந்தைய கழுவலின் ஒரு சொட்டு ஈரம் அந்தக் குண்டுகளில் தங்கியிருந்தாலும் ஃபிலிம் சிக்கிக்கொள்ளும். இரண்டாம் சுருள் முதல் முயற்சியிலேயே ஏறியது. நடுவில் அம்மா கதவைத் தட்டி, “அரிசி எடுக்கணும்பா, எவ்வளவு நேரம்?” என்று கேட்டதைத் தவிர வேறு இடையூறு இல்லை.

ஆனால் அடுத்த தொல்லை வெப்பம். மருந்து அட்டவணைகள் 20 பாகை செல்சியஸை வைத்தே எழுதப்பட்டவை. எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரோ 29 பாகையில் வருகிறது. நீர் கலக்காத ஐடி-11இல் எச்பி5க்கு 20 பாகையில் 7½ நிமிடம் என்பது கணக்கு. வெப்பம் கூடக்கூட நேரத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து சீராக வேலை செய்யாமல் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியக்கூடும். அதனால் ஐஸ் தட்டுகளை எல்லாம் காலிசெய்து டெவலப்பரை 20 பாகைக்கு இறக்கினேன். அறைச் சூட்டிலும் கைச் சூட்டிலும், ஏழரை நிமிடம் முடிவதற்குள் டாங்கியில் அது 23 ஆகிவிட்டது. வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகத் தெரியும் நெகட்டிவ், அளவுக்கு மீறிக் கறுத்திருந்தது. குளிர்ந்த மருந்திலிருந்து நேராக 29 பாகைத் தண்ணீருக்கு ஃபிலிமைக் கொண்டுபோவதும் ஜெலட்டினுக்கு நல்லதல்ல.

விடை, ஐஸைக் கூட்டுவதில் இல்லை. மருந்தை நீர்க்க வைப்பதில் இருந்தது. ஐடி-11ஐச் சம அளவு தண்ணீரோடு கலந்தால் 20 பாகையில் 13 நிமிடம் தேவைப்படும். 24 பாகையில் அது ஏறத்தாழ 9 நிமிடமாகும். 24 பாகை என்பது ஏர்கான் அறையில் வைத்த வாளித் தண்ணீர் தானாகவே நெருங்கும் அளவு. ஐந்தாறு ஐஸ் கட்டிகள் போதும், வீட்டில் யாரும் குறைசொல்வதில்லை. ஒரு சுருளுக்கு 150 மில்லி மருந்தும் 150 மில்லி தண்ணீரும் கலந்து, ஒருமுறை பயன்படுத்தியதும் கொட்டிவிடுகிறேன். ஃபிக்ஸரும் கழுவும் தண்ணீரும் அதே வாளியில் நின்று அதே சூட்டுக்கு வருகின்றன. மூன்றாம் சுருளிலிருந்து நெகட்டிவ்கள் ஒரே மாதிரியாக வருகின்றன. நான்காம் சுருளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: ஃபிலிமின் நுனி உருளையில் மாட்டாததால் கேமராவுக்குள் அது நகரவே இல்லை. ஒவ்வொரு முறை நெம்புகோலைத் தள்ளும்போதும் இடப்பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று இப்போது பார்த்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் சுருளை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் முடித்தேன். பஃபலோ ரோட்டுப் பூக்கடை ஒன்றில் ஒருவர் மல்லிகையை நாரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எதைக் கண்டாலும் நடுச்சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்வது ஒளிமானியின் சுபாவம். அது சொல்கிறபடி எடுத்தால் மல்லிகை அழுக்குப் படிந்ததுபோல வரும். ஷட்டரை 125இல் ஒரு பங்கு விநாடிக்கும் லென்ஸ் துளையை எஃப்4க்கும் வைத்தபோது ஒளிமானியின் ஊசி நடுவில் நின்றது. நான் 60இல் ஒரு பங்குக்கு இறக்கி (வெளிச்சம் இரு மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப்), துளையையும் அரை ஸ்டாப் திறந்து, மொத்தம் ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் கொடுத்தேன். “காட்டு தம்பி, எப்படி வந்திருக்கு?” என்று அவர் கழுத்தை நீட்டினார். “இது ஃபிலிம் கேமரா அண்ணே, கழுவினாத்தான் தெரியும்” என்றேன். கேமராவின் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த முழத்துக்கு நாரை இழுத்தார்.

பிரிண்ட் போடும் கருவி இன்னும் வாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, அவருக்குக் காட்டுவதற்காக நெகட்டிவ் துண்டையே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும், கடை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மல்லிகைச் சரம் கரிக்கட்டைபோலக் கறுத்து, அதே சமயம் ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் வேண்டியதும் அந்தக் கறுப்பைத்தான்.

“என்ன தம்பி, பூவெல்லாம் கருகிப்போச்சு?” என்றார்.