ஆச்சியின் காது மிஷினுக்கு ஒரு கிளிப்: இதுவரை செய்தது

காது மிஷினில் ஒரு வகை காதுக்குப் பின்னால் மாட்டுவது. இன்னொரு வகை உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். பெட்டியின் தலைப்பக்கம் மைக், உள்ளே ஒரு பென்சில் செல், ஓரத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரம். எங்கள் வீட்டு ஆச்சி வைத்திருப்பது இந்தப் பெட்டி வகைதான். விலை குறைவு, செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், சக்கரம் விரலுக்கு நன்றாக அகப்படும். மைக் ஓரிடம், காதில் வைக்கும் பட்டன் ஓரிடம் என்று தள்ளித் தள்ளி இருப்பதால் 'கூ'வென்று ஊளையிடுவதும் குறைவு. எண்பதைத் தாண்டிய ஒருவருக்கு இது நல்ல கருவி என்றே நினைக்கிறேன். ஆனால் அதை உடம்பில் எங்கே வைத்துக்கொள்வது?

ஆண்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். சிறு கருவிகளில் முக்கால்வாசி அந்தப் பையை நம்பித்தான் செய்யப்படுகின்றன. 1957இல் சோனி நிறுவனம் டிஆர்-63 என்ற ரேடியோவைச் சட்டைப் பைக்குள் அடங்குவது என்று சொல்லி விற்றது. உண்மையில் அது சாதாரணப் பையைவிடச் சற்றுப் பெரிது. அதனால் விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்ததாக அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆச்சியின் நூல் சேலைக்கும் ஜம்பருக்கும் (ரவிக்கைக்கும்) அப்படி யாரும் யோசித்ததில்லை. 2006இல் வந்த ஐபாட் ஷஃபிள் என்ற குட்டிப் பாட்டுக் கருவியில் முதுகு முழுவதுமே கிளிப். பையே வேண்டாம், துணியின் ஓரம் போதும். நல்ல யோசனைதான், ஆனால் அதன் மொத்த எடையே 16 கிராமுக்குள். ஆச்சியின் பெட்டிக்குள் இருக்கும் செல் மட்டுமே சுமார் 23 கிராம்.

பெட்டியோடு வந்த கிளிப் ஒரு மெல்லிய தகடு. பைக்குள் செருகி நிறுத்தத்தான் அது ஆகும், சேலையில் வழுக்கிக்கொண்டு கீழே வரும். ஆச்சி முதலில் சுருக்குப் பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவில் மைக் என்னத்தைக் கேட்கும்? அப்புறம் ஜம்பருக்குள் வைத்துப் பார்த்தார். நடந்தால், குனிந்தால், கையைத் தூக்கினால் துணி மைக்கில் உரசும். அந்த உரசலையும் மிஷின் பெருக்கித்தானே கொடுக்கும். "ஏட்டி, காதுக்குள்ள யாரோ சோளப்பொறி வறுக்க மாதிரி சத்தம் கேக்கு" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். கேட்காமல் இருப்பதே நிம்மதி என்று அவர் முடிவு செய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் இருக்கும் என் கொழுந்தனிடம், பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஏதாவது வழி பிறக்கும் என்று ஆரம்பித்தேன்.

கிளிப் செய்கிறேன் என்று உட்காருகிற எல்லோரும் கருவியைத்தான் முதலில் அளக்கிறார்கள். நீளம், அகலம், தடிமன் எடுத்து, அதற்கு ஒரு கூடு வரைந்து, முதுகில் ஒரு கொக்கி வைத்துவிடுவார்கள். தைக்கிறவள் என்பதால் நான் துணியிலிருந்து தொடங்கினேன். சேலை நிலையாக ஓரிடத்தில் நிற்காது. ஆச்சி முந்தியை நிமிடத்துக்கு ஒரு தரம் இழுத்து விடுவார், எடுத்து முகம் துடைப்பார், இடுப்பில் செருகுவார். அதில் எதை மாட்டினாலும் அதோடு பயணம் போகும். ஒற்றை மடிப்பு நூல் துணி பெட்டியின் 50 கிராம் கனத்தைத் தாங்காமல் தொய்ந்து முன்பக்கமாகச் சாயவும் செய்யும். ஜம்பரின் கழுத்து ஓரம் அப்படியல்ல. பட்டி வைத்து மடித்துத் தைத்த இடம், மூன்று நான்கு மடிப்புத் துணி, உடம்பைவிட்டு நகராது. மாட்ட வேண்டிய இடம் அதுதான். அதிலும் வலப்பக்கம், ஏனென்றால் முந்தி இடத்தோளில் விழுகிறது. வலப்பக்கக் கழுத்தோரத்தில் மைக்கை மூட எந்தத் துணியும் வராது. ஆச்சி பட்டன் வைப்பதும் வலது காதில் என்பதால் வயரும் கழுத்தைச் சுற்ற வேண்டியதில்லை.

காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று பலர் சொன்னார்கள். பெயர்ப் பலகை மாட்டுவார்களே, உள்ளே ஒன்று வெளியே ஒன்று, அந்த மாதிரி. மெல்லிய துணியில் அருமையாகப் பிடிக்கிறது. ஆனால் காந்தத்தின் பிடி இடைவெளி கூடக்கூட வேகமாகக் குறையும், மடித்துத் தைத்த பட்டியில் ஒரு இழுப்புக்குக் கழன்றது. அது மட்டுமல்ல. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வலுவான காந்தத்தைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பார்கள். நெஞ்சுக்கு மேலே மாட்டுகிற பொருளில் அது வேண்டாம். வீட்டில் தவழும் பிள்ளை இருக்கிறது, இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அந்த வழியை அத்தோடு விட்டாயிற்று.

சரி, கவ்வும் கிளிப்தான். முதலில் கொழுந்தன் ஒரே துண்டாக அச்சிட்டுத் தந்தார். கூட்டின் முதுகிலிருந்து ஒரு நாக்கு இறங்கும், துணியை அதற்கும் முதுகுக்கும் நடுவில் செருக வேண்டும். பார்க்க அழகு. பிடி போதவில்லை என்று நாக்கைத் தடிமனாக்கச் சொன்னேன். அவர்தான் கணக்குச் சொன்னார். "மதினி, தடிமனைத் தொட்டீங்கன்னா ஆச்சியால திறக்கவே முடியாது."

ஒரு முனை பிடிக்கப்பட்ட பட்டையை வளைக்கத் தேவைப்படும் விசை தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும், நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் இறங்கும். 2 மில்லிமீட்டர் நாக்கை 2.5 ஆக்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கெட்டி. 25 மில்லிமீட்டர் நீளத்தை 32 ஆக்கினால் பாதிக்கும் கீழே போய்விடும். அரை மில்லிமீட்டருக்கு இத்தனை வித்தியாசமா என்று இரண்டையும் அச்சிட்டு விரலால் அழுத்திப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் கைக்கு உடனே தெரிகிறது. அச்சிடும் திசையும் முக்கியம். நாக்கை நிற்க வைத்து அச்சிட்டால் அடுக்குகள் வளைவுக்குக் குறுக்கே அமையும், அடுக்கும் அடுக்கும் சேரும் இடத்தில் பிளக்கும். பக்கவாட்டில் படுக்க வைத்தால் அடுக்குகள் நாக்கின் நீளத்தோடு ஓடும், முறியாது.

முறியாவிட்டாலும் வேறொரு தொல்லை இருக்கிறது. பிஎல்ஏ என்கிற சாதாரண அச்சு இழை, ஓயாமல் வளைந்த நிலையில் இருந்தால் மெதுவாக அந்த வளைவையே தன் உருவமாக்கிக்கொள்ளும். பட்டியில் மாட்டியபடியே கிடந்த கிளிப், சில நாளில் வாய் தளர்ந்துவிடும். அது 60 டிகிரி அளவில் இளகத் தொடங்கும் பொருள் வேறு. எங்கள் பக்கம் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்த பிஎல்ஏ உருமாறி வருவதைக் கொழுந்தன் பார்த்திருக்கிறார். பெட்ஜி இழை 80 டிகிரி வரை தாங்கும், தளர்வதும் மெதுவாகத்தான். ஆனாலும் பிடித்து வைக்கும் வேலையைப் பிளாஸ்டிக்கிடம் ஒப்படைக்கவே கூடாது என்று எனக்குப் பட்டது. பிடிப்பதற்கு எஃகு இருக்கிறது.

கொடியில் துணி மாட்டும் கிளிப்பில் இருக்கிறதே, அந்தச் சுருள் கம்பி. டவுனில் ரத வீதிப் பக்கம் துருப்பிடிக்காத கம்பி போட்ட துணி கிளிப் ஒரு டஜன் வாங்கி, சுருளை மட்டும் கழற்றிக்கொண்டோம். இரண்டு தாடையும் பெட்ஜியில் புதிதாக வரைந்தது. துணி கிளிப்பில் கை வைக்கும் பக்கமும் கவ்வும் பக்கமும் ஏறத்தாழ ஒரே நீளம் இருக்கும். இதில் கை வைக்கும் பக்கத்தை இரண்டு பங்கு நீளமாக்கினேன். ஆச்சிக்கு விரல் மூட்டுகளில் வலி உண்டு, அழுத்தும் விசை பாதியாகக் குறைந்தது அவருக்குப் பெரிய ஆறுதல். வாய் அதிகம் திறக்காது, 6 மில்லிமீட்டர்தான். பட்டியின் தடிமன் 2 மில்லிமீட்டர்கூட வராது, அதற்கு 6 தாராளம்.

சுருளை வலுவாக்காமல் பிடியைக் கூட்டுவதற்கு உராய்வைக் கூட்டினால் போதும். தாடையில் பல் வைத்தால் பிடிக்கும், ஆனால் பல் நூலைத் தின்னும். ஐடி கார்டு கிளிப் மாட்டி ஓட்டையான பள்ளிக்கூடச் சட்டைகளை நான் நிறையத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். சைக்கிள் டியூப் ஒட்டிப் பார்த்தபோது பிடி பிரமாதம், வெள்ளை ஜம்பரில் கறுப்பாகத் தடம் விழுந்தது. பழைய குக்கர் கேஸ்கட், வெள்ளை சிலிக்கோன், அதைத் தட்டையாக வெட்டி இரு தாடையிலும் பதித்தேன். தடமும் இல்லை, ஓட்டையும் இல்லை. தாடையை 22 மில்லிமீட்டர் அகலமாக வைத்ததால் இழுப்பு ஒரே இடத்தில் விழாமல் பரவுகிறது, கழுத்தோரம் தொங்கிப் போவதில்லை. இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இந்தத் தாடைதான்.

ஜம்பரின் கழுத்து வட்டம், ஓரம் சரிவு. நேராக மாட்டினால் பெட்டி கோணலாக நிற்கும், மைக் கழுத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். ஒரு நாடாவில் டிச் பட்டன் வைத்துத் தொங்கவிட்டேன். பட்டன் சுழலுவதால் பெட்டி தானாக நேரானது, ஆனால் நடக்கும்போது ஆடி நெஞ்சில் இடித்து, ஒவ்வொரு இடியும் காதில் முழங்கியது. ஆடாமலும் இருக்க வேண்டும், திருப்பவும் முடிய வேண்டும். கிளிப்பையும் கூட்டையும் ஒரு எம்3 (3 மில்லிமீட்டர்) திருகால் சேர்த்து, நைலான் வளையம் உள்ள நட்டு போட்டு, நடுவில் ஒரு வாஷர் வைத்தோம். விரலால் திருப்பினால் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். பெட்டியில் செல் இருக்கும் முனை கீழே, மைக் மேலே. கனம் கீழே இருப்பதால் முன்னால் சாய்வதும் குறைந்தது. கூட்டின் முதுகில் இரண்டு வரப்பு வைத்து, உடம்புக்கும் பெட்டிக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டிருக்கிறேன். வியர்வைதான் செல் முனைகளை அரிக்கும்.

விளிம்புகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன், முதலில் 220 எண் தாள், பிறகு தண்ணீர் தொட்டு அதைவிட நைசான 400. அச்சு வரிகள் நூலை இழுக்கும் என்பதால் ஒரு துண்டுப் பஞ்சை மேலே ஓட்டிப் பார்ப்பேன். எங்காவது ஒரு இழை சிக்கினாலும் இன்னும் தேய்க்க வேண்டும்.

ஆனி பிறந்ததும் மேற்கேயிருந்து காற்று கிளம்பிவிடும், ஆடி முடியும் வரை விடாது. அந்தக் காற்று மைக்கில் மோதி இரைச்சலாகும். பழைய ஹெட்போன் பஞ்சை மெல்லிசாக வெட்டி மைக் துளைக்கு மேலே ஒரு தொப்பி மாதிரி கூட்டிலேயே பதித்திருக்கிறேன். வாசலில் உட்கார்ந்தால் இப்போது பேச்சுப் புரிகிறது என்கிறார். மொட்டை மாடியில் இன்னும் இரைகிறது. அதற்கு இரண்டு அடுக்குப் பஞ்சு வைத்துப் பார்க்க வேண்டும், அதே சமயம் மெல்லிய பேச்சுச் சத்தம் அடைபடக் கூடாது.

கழன்று விழுந்தாலும் தரைக்குப் போகாமல் இருக்கக் கூட்டில் ஒரு துளை, அதில் ஒரு கறுப்புக் கயிறு, அதன் முனையில் ஒரு ஊக்கு. ஊக்கு ஜம்பரின் உட்பக்கத்தில். கிணற்றடிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் போய்வருகிறவருக்கு இது அவசியம்.

ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயிலுக்கு இதை மாட்டிக்கொண்டே வந்தார். கூட்டத்தில் நெருக்கியடித்தும் கிளிப் பட்டியை விடவில்லை. கொட்டுச் சத்தம் தாங்காமல் சக்கரத்தைக் குறைத்துக்கொண்டது அவரேதான். முன்பு பெட்டி சேலைக்குள் எங்கோ கிடக்கும், சக்கரத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் கழற்றிவிடுவார். இப்போது கை போனதும் கிடைக்கிறது. "இது நல்லாருக்குட்டி, ஆனா வெத்தலை எச்சி படுது" என்றார். ஆகவே அடுத்த கூட்டுக்கு அடர்ந்த நிற இழை, துடைக்க வசதியாக மூலைகளை இன்னும் வளைவாக்க வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு மாமாவும் கேட்டிருக்கிறார்கள். வயலுக்குப் போகும்போது பனியனில் ரேடியோவை மாட்ட ஒன்று வேண்டுமாம். அதே தாடை, அதே திருகு போதும் என்று நினைத்தேன், ஆனால் மத்திய அலை ரேடியோவுக்குள் ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன கம்பிதான் ஆன்டெனா. எஃகுச் சுருள் அதன் பக்கத்தில் வந்தால் அலை பிடிப்பது கெடும், ஆகையால் கிளிப்பை ரேடியோவின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கம்பியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்திருந்தால் சத்தம் நன்றாக வரும், முனை பார்த்திருந்தால் மங்கும். திருகு அங்கே இன்னும் உபயோகப்படும். மாமாவின் பனியனில் கழுத்துப் பட்டி வெறும் பின்னல் துணி, இழுத்தால் நீளும், ஜம்பர் மாதிரி நிற்காது. அதனால் தோள் பட்டையின் தையலில் மாட்டலாமா என்று ஒரு பழைய பனியனை எடுத்து அளந்துகொண்டிருக்கிறேன்.