ராட்டினத்துக்கு இரண்டு கண் போதாது

தீம் பார்க் வேலைக்குப் புதிதாகச் சேருகிற இளைஞர்களுக்கு ரோலர் கோஸ்டர் பிளாட்பாரத்தில் நிற்கத்தான் ஆசை. குதிரை ராட்டினத்தில் போட்டால் முகம் வாடிவிடும். "அங்க என்னண்ணே வேலை? பட்டன அமுக்கிட்டு வேடிக்கை பார்க்கிறதுதானே?" என்பார்கள். ஆள் ஒதுக்குகிற மேற்பார்வையாளர்கள் பலருக்கும் அதே நினைப்பு. அனுபவசாலி கோஸ்டருக்குப் போவார். பயிற்சி முடிந்து ஈரம் காயாத பிள்ளை ராட்டினத்துக்குப் போகும். இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது எங்கள் கட்சி. கோஸ்டரில் பெரும்பாலான முடிவுகளை இயந்திரமே எடுத்துவிடுகிறது. ராட்டினத்தில் அவற்றை ஆள்தான் எடுக்க வேண்டும்.

கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பழக்கமான இடத்திலிருந்தே பார்க்கலாம். பெர்ஜெயா டைம்ஸ் ஸ்குவேர் பேரங்காடிக்குள் 2003ஆம் ஆண்டு முதல் இயங்கும் பார்க்கில் பெரியவர்களுக்கு ஒரு பகுதி, பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு பகுதி என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். பெரியவர் பகுதியில்தான் தலைகீழாகச் சுற்றும் சூப்பர்சானிக் ஒடிசி ஓடுகிறது. அலறல் சத்தம் கடைத்தொகுதி வரைக்கும் கேட்கும். கேட்பவர்களுக்கு ஆபத்து முழுவதும் அந்தப் பக்கம்தான் இருப்பதாகத் தோன்றும்.

சங்கிலி இழுத்து மேலே ஏற்றும் கோஸ்டரில் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். சங்கிலிதான் அப்படிக் கத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ரயிலுக்கு அடியில் இருக்கும் கொண்டி, பாதையோரப் பல்வரிசையில் ஒவ்வொரு பல்லாக விழும் சத்தம் அது. சங்கிலியே அறுந்தாலும் ரயில் பின்னோக்கி உருளாது. கடைசியாக விழுந்த பல்லில் நின்றுவிடும். இறங்கி வரும்போது வேகத்தைக் குறைக்கும் காந்த பிரேக்கும் அதே மாதிரிதான். ரயிலின் அடியில் இருக்கும் உலோகத் தகடு, பாதையில் இருக்கும் நிலைக்காந்தங்களுக்கு நடுவே புகுந்து போகும்போதே வேகம் குறைந்துவிடும். அதற்கு மின்சாரம் தேவையில்லை. மின்தடை வந்தாலும் வேலை செய்யும். ஆனால் காந்தத்தால் ரயிலை முழுதாக நிறுத்திப் பிடித்து வைக்க முடியாது. கடைசி அடியை இறுக்கிப் பிடிக்கும் பிரேக்கோ டயரோ பார்த்துக்கொள்ளும்.

பாதை முழுவதும் பல கண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கண்டத்தில் ஒரு நேரத்தில் ஒரே ரயில்தான் இருக்கலாம். முன்னால் இருப்பது காலியாகாவிட்டால் பின்னால் வருவதைக் கட்டுப்பாட்டுக் கணினி தானே நிறுத்திவிடும். சென்சார் ஒன்று ஈரத்தில் தவறான சமிக்ஞை கொடுத்தாலும் நிறுத்தத்தான் செய்யும். கீழே நிற்கிறவர்கள் 'ரைடு கெட்டுப்போச்சு' என்று கைத்தொலைபேசியைத் தூக்குவார்கள். உண்மையில் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அப்போது ஆப்பரேட்டர் செய்யக் கூடாத ஒன்று உண்டு: ஒவ்வொரு ரயிலும் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்காமல் கோளாறை அழித்து மறுபடி ஓட்டுவது. பெரிய பார்க்குகளில் கோஸ்டர் மோதிய விபத்துகளின் விசாரணைகளில் இந்த அவசரம் திரும்பத் திரும்ப வரும்.

இவ்வளவு காவல் இருந்தும் கோஸ்டரில் மனிதக் கை தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: உட்கார்ந்தவரின் தொடைமேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் மடிக் கம்பி. கம்பி எந்தக் கோணத்தில் பூட்டியிருக்கிறது என்பதுதான் சென்சாருக்குத் தெரியும். கம்பிக்கு அடியில் இடுப்புப் பை இருக்கிறதா, ஆள் சீட்டின் நுனியில் சரிந்து உட்கார்ந்திருக்கிறாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சரிந்து உட்கார்ந்தவருக்கும் பச்சை விளக்கு எரியும். முதல் இறக்கத்தில் அவர் பின்னால் நகர்ந்ததும் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விழும். அதனால் சோதிக்கும்போது கண் முதலில் கம்பிக்குப் போகக் கூடாது, இடுப்புக்குப் போக வேண்டும். இடுப்பு சீட்டின் முதுகோடு ஒட்டியிருக்கிறதா? கம்பி வயிற்றில் நிற்காமல் தொடையில் படிந்திருக்கிறதா? பிறகு கம்பியை ஒரு முறை கீழே அழுத்தி, ஒரு முறை மேலே இழுத்துப் பார்த்து, கடைசியில் பெல்ட். வரிசை மாறினால் ஏதோ ஒன்று விட்டுப்போகும்.

கணக்கும் கோஸ்டருக்குச் சாதகம்தான். 24 இருக்கை உள்ள ரயிலை 60 வினாடிக்கு ஒரு முறை அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் 1,440 பேர். அதுவே 90 வினாடி ஆனால் 960 பேர்தான். அந்த 30 வினாடியைத் தின்பது பை, தொப்பி, சிலிப்பர், 'ஒரே ஒரு செல்ஃபி'. ராட்டினத்துக்கு வாருங்கள். 40 இருக்கை, சுற்றுவது 3 நிமிடம், ஏற்றி இறக்க 4 நிமிடம் என்றால் மணிக்கு எட்டு ஒன்பது சுற்று; எல்லா இருக்கையும் நிரம்பினாலும் 340 பேர்தான். கோஸ்டர் வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகரும். ராட்டின வரிசை குட்டையாக இருக்கும், ஆனால் நகராது. அதில் நிற்பதோ தாத்தா, பாட்டி, தூக்கம் வந்த பிள்ளை. பள்ளி விடுமுறையில் புகார் எங்கிருந்து அதிகம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

ராட்டினத்தின் வேகத்தையும் குறைத்து எடை போட வேண்டாம். நிமிடத்துக்கு 5 சுற்று சுற்றும் ராட்டினத்தில், நடுவிலிருந்து 6 மீட்டர் தள்ளியிருக்கும் வெளிக்குதிரை மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 3 மீட்டரில் இருக்கும் உட்குதிரைக்கு அதில் பாதிதான். ஓடுகிற வெளிவிளிம்பிலிருந்து நான்கு வயதுப் பிள்ளை இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளை இறங்கத்தான் பார்க்கும். பாட்டு நின்றதும் ரைடு முடிந்துவிட்டது என்று அதற்கு நினைப்பு. விசையை நிறுத்திய பிறகும் மேடை கொஞ்ச தூரம் உருண்டுதான் நிற்கும். அந்தச் சில வினாடிகள்தான் மோசமான நேரம்.

பெல்ட் கட்டியபின் 'வெள்ளைக் குதிரை வேணாம், கறுப்புதான் வேணும்' என்று பிள்ளை மாறிவிடும். அப்பா படமெடுக்கப் பின்னாலேயே நடந்து மேடை விளிம்புக்குப் போய்விடுவார். இதெல்லாம் எந்தச் சென்சாரிலும் பதிவாகாது. போதாததற்கு, நடுவில் இருக்கும் தூண் அலங்காரம் மேடையின் மறுபாதியை மறைத்துவிடும். பொத்தானுக்குப் பின்னால் நிற்கிறவருக்குப் பாதி ராட்டினம்தான் தெரியும். ஆகவே கிளப்புவதற்கு முன் ஒரு முழுச் சுற்று நடந்தே ஆக வேண்டும், ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் தொட்டு. பார்த்தால் மட்டும் போதாது. நாடா செருகியது போலத் தெரியும், கொளுவி மாட்டியிருக்காது. மறுபக்கத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஆள் இல்லை என்றால் வளைவுக் கண்ணாடியாவது வேண்டும்.

பிள்ளை நடுவில் வீறிட்டு அழுதால் சிவப்புப் பொத்தானை அடிப்பது புது ஆட்கள் செய்யும் காரியம். அவசர நிறுத்தம் சில ராட்டினங்களில் மேடையைச் சட்டென்று பிடித்துவிடும். பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அம்மா தடுமாறி விழுவார். அழுகைக்குச் சாதாரண நிறுத்தம் போதும். யாராவது விழுந்தாலோ இறங்கப் பார்த்தாலோதான் சிவப்பு. இந்த வித்தியாசம் கையேட்டில் இருக்கும். கை பழகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உயர அளவுகோல் பக்கம் நடக்கும் சண்டை தனி ரகம். "தம்பி, ரெண்டு விரக்கடைதானே, விடுப்பா. நான் பக்கத்திலதானே இருக்கேன்." பதில் ஒன்றுதான்: "அக்கா, நீங்க பக்கத்தில இருந்தாலும் கம்பி பிள்ளை உடம்புல உட்காராது." உயரக் கட்டுப்பாட்டைப் பயத்துக்கான எல்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கம்பி எலும்பில் பொருந்துவதற்கான எல்லை. கொண்டையையும் தடித்த அடியுள்ள காலணியையும் கணக்கில் சேர்க்காமல், குதிகால் தரையில் பட நிறுத்தி அளக்க வேண்டும். முதல் வாசலில் ஒருவர் அனுப்பிவிட்டு ரைடு வாசலில் இன்னொருவர் மறுத்தால் அந்தக் குடும்பத்தின் நாள் கெட்டது. இரண்டு இடத்திலும் ஒரே கோல், ஒரே பதில் இருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம்: பயமும் விசையும் ஒன்றல்ல. இருட்டு அறைக்குள் ஆமை வேகத்தில் போகும் பேய் வீட்டு ரைடில் உடம்பில் விழும் விசை ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகள் அதிகம் அழுவது அங்கேதான். ஆடும் கப்பலில் நடு வரிசையும் கடைசி வரிசையும் இரண்டு வேறு ரைடுகள். பயப்படுகிறவரை நடுவில் உட்கார வைத்தால் சிரித்துக்கொண்டே இறங்குவார். முனையில் வைத்தால் வயிறு தொண்டைக்கு வரும். பெற்றோர் கண்ணுக்குப் பரம சாதுவாகத் தெரியும் தேநீர்க் கோப்பை ரைடில்தான் வாந்தி துடைக்கும் வேலை அதிகம். ஒரே திசையில் விடாமல் சுற்றும்போது உட்காது ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். காலையில் நாசி லெமாக் கட்டு கட்டிவிட்டு நேராகக் கோப்பையில் ஏறுகிறவர்களுக்குச் சொல்ல ஒரே யோசனைதான்: வெளியே பார்க்காதீர்கள், நடுவில் இருக்கும் சக்கரத்தைப் பாருங்கள். வேகமாகச் சுழலும் இருக்கையில் பெரியவர் வெளிப்பக்கமும் சிறியவர் உட்பக்கமும் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் அப்பாவின் எடை முழுவதும் பிள்ளை மேல் சாயும்.

பினாங்கில் தெலுக் பஹாங்கில் இருக்கும் எஸ்கேப் பார்க் திகில் ரைடு, குடும்ப ரைடு என்ற பிரிவினைக்குள் அடங்காது. அங்கே மரம் ஏறுவதும் கயிற்றில் நடப்பதும் உங்கள் கை கால் வலுவைப் பொறுத்தது. 2019இல் கின்னஸ் சாதனையாகப் பதிவான 1,111 மீட்டர் நீள டியூப் நீர்ச்சறுக்கும் அங்கேதான். காட்டுக்குள் நிமிடக் கணக்கில் வளைந்து வளைந்து இறங்கும் அதைத் திகில் ரைடு என்பதா, குடும்ப ரைடு என்பதா? நீளம் மிரட்டும், ஓட்டம் மிரட்டாது.

அதே தீவில் சுங்கை நிபோங்கில் ஆண்டுதோறும் கூடும் பினாங்கு பெஸ்தா மாதிரியான இடங்களில் ராட்சத ராட்டினத்தைக் கவனித்தால் ஒரு நுட்பம் தெரியும். கூண்டுகளை வரிசையாக நிரப்ப மாட்டார்கள். 16 கூண்டு என்றால் 1, அடுத்து எதிரே 9, பிறகு 5, 13. பக்கத்துக் கூண்டு காலியாக இருக்கும்போது ஏன் சுற்றிவிடுகிறார்கள் என்று வரிசையில் முணுமுணுப்பு எழும். ஒரே பக்கம் ஆள் ஏற்றினால் அந்தப் பக்கம் தானாகக் கீழே ஓடப் பார்க்கும், மோட்டாரும் பிரேக்கும் திணறும். இறக்கும்போதும் அதே வரிசைதான்.

தீபாவளி வாரத்தில் உடை பெரிய தலைவலி. பஞ்சாபி உடையின் துப்பட்டா, சேலை முந்தானை, நீள மாலை எல்லாமே சுழலும் பாகத்துக்குத் தீனி. இதில் கோ-கார்ட் மிக மோசம்: சீட்டுக்குப் பின்னால் தொங்கும் துப்பட்டா பின் அச்சில் ஒரு முறை சிக்கினால் கழுத்து இறுகிவிடும், கத்தக்கூட நேரம் இருக்காது. "பின் குத்தியிருக்கேன் தம்பி" என்றால் ஒத்துக்கொள்ளக் கூடாது. கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும். தலைமுடியும் அப்படியே. மோதி விளையாடும் காரில் ஆபத்து சின்னது: ஸ்டீயரிங்கில் பல் அடிபடுவது. பெல்ட்டும், முதுகைச் சாய்த்து உட்காருவதும் போதும்.

மழையைப் பற்றிக் கோலாலம்பூரில் சொல்லித் தர வேண்டியதில்லை. பிற்பகலில் இடி கேட்டால் வெளியரங்க ரைடுகள் எல்லாம் நிற்கும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திறப்பதில்லை. திறக்கும் முன் காலி ஓட்டம் விட வேண்டும். கெந்திங் மலையில் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் பிரச்சினை வேறு: மூடுபனி. பாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஓட்டுவதில்லை. 2022இல் அங்கே திறந்த ஸ்கைவோர்ல்ட்ஸ் தீம் பார்க்குக்குப் போகிறவர்கள் வெளியரங்க ரைடுகளைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

ஆள் ஒதுக்கும் விஷயத்துக்கு வருவோம். கோஸ்டரில் புது ஆள் தவறாகப் பொத்தான் அழுத்தினால் பெரும்பாலும் ரைடு கிளம்பாது, அவ்வளவுதான். அங்கே இரண்டு அனுபவசாலிகளுக்கு நடுவே அவரை நிறுத்திக் கம்பி சோதிக்கக் கற்றுக்கொடுக்கலாம். ராட்டினத்துக்கும் குட்டி ரயிலுக்கும் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தே 'இது இறங்கப் பார்க்குது' என்று கண்டுபிடிக்கிற ஆள் வேண்டும்; அக்காமார்கள் இதில் கெட்டிக்காரர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணியிலிருந்து 4 மணி வரைதான் கண் சொருகும் நேரம். ஒரே பாட்டு, ஒரே சுற்று. கோஸ்டர் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு மணி நேரம் நிற்கிறவரை அந்த நேரத்தில் ராட்டினத்தில் அரை மணிக்கு மேல் விடாதீர்கள். மாற வருகிறவர் பொத்தானை வாங்குவதற்கு முன் பெல்ட்டுகளைத் தொட்டபடி ஒரு சுற்று நடந்துவிட்டு வரட்டும்.