வட்டாரம் இல்லாத உறுப்பினர்கள்

நான் சமூகவியல் பேராசிரியை. பெண்களும் அரசியலும் என் ஆய்வுத்துறை. முதுமாணி ஆய்வுக்கு இந்தத் தலைப்பைக் கொண்டுபோனபோது மூத்த விரிவுரையாளர் ஒருவர், “இது அரசறிவியல்காரர்களின் வேலை” என்று கோப்பைத் திருப்பித் தந்தார். எனக்கு அது அப்போதே ஒப்பவில்லை. தேர்தலில் நிற்க விரும்பும் பெண் முதலில் வீட்டாரிடம் சம்மதம் வாங்க வேண்டும். கோயில் நிருவாகமோ பள்ளிவாசல் நிருவாகமோ என்ன சொல்லுமென்று யோசிக்க வேண்டும். இரவுக் கூட்டம் முடிந்தால் யாருடன் திரும்புவது, பிள்ளைக்கு யார் சோறு கொடுப்பது? கட்சி அலுவலகம் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. இது சமூகவியல் இல்லையென்றால் வேறு எது?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் களவேலை தொடங்கிய காலத்தில் கிண்ணியாப் பாலம் இல்லை, 2009இல்தான் திறந்தார்கள். படகுப் பாதையில் கடந்து மூதூர்ப் பக்கம் போவேன். மாதர் சங்கத் தலைவிகளை அங்கேதான் அறிந்துகொண்டேன். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் ஊருக்காக வாதாடியவர்கள் அவர்கள். 2006இல் போரினால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காணிக்காகக் காத்திருந்தபோது மனு எழுதவும் அதிகாரிகளைப் பார்க்கவும் போன பெண்களோடு நான் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். தேர்தல் வந்தால் வேட்பாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது.

2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அதுவரை நாடு முழுவதும் ஏறத்தாழ இரண்டு வீதமாக இருந்த பெண் உறுப்பினர்கள், 2018 பெப்ரவரித் தேர்தலோடு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். அன்று நான் உண்மையாகவே மகிழ்ந்தேன்.

ஆனால் சபையின் 60 வீதத்தினர் வட்டாரம் எனப்படும் சிறு தொகுதிகளில் நேரடியாக வென்று வருபவர்கள், 40 வீதத்தினர் கட்சி பெற்ற வாக்குகளுக்கேற்பப் பட்டியலிலிருந்து வருபவர்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வட்டார வேட்பாளர்களில் 10 வீதம் பெண்களாக இருந்தால் போதும். வட்டாரத்தில் நிற்காதோருக்கான மேலதிகப் பட்டியலில்தான் பாதிப்பேர் பெண்கள். ஆகவே பெரும்பாலான பெண்கள் பட்டியல் வழியாகவே சபைக்கு வந்தார்கள். அந்தப் பட்டியலில் யாரை அழைப்பதென்று முடிவெடுப்பது கட்சி.

“மிஸ், வீதி விளக்குக் கேட்டால் உங்கள் வட்டாரம் எது என்கிறார்கள்” என்றார் பிரதேச சபை உறுப்பினரான ஓர் அக்கா. “எனக்கு வட்டாரம் இல்லை. அதனால் எனக்கு விளக்கும் இல்லை.” அவர் கேட்ட விளக்கு, மாலை வகுப்பு முடிந்து பெண்பிள்ளைகள் நடந்துவரும் ஒழுங்கைக்கு.

பட்டியலில் வந்தவர்களை இளக்காரமாகப் பேசுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. கோளாறு அந்தப் பெண்களிடம் இல்லை; அந்தப் பத்து வீதத்தில் இருக்கிறது. அதை உயர்த்தாமல் ஒதுக்கீட்டைக் குறைகூறுவது அநியாயம்.

சமூகவியலில் முதற்பட்டமும் சமூக மானுடவியலில் கலாநிதிப் பட்டமும் பெற்ற ஹரிணி அமரசூரிய 2024இல் பிரதமரானார். என் மாணவிகள் வகுப்பில் கைதட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் திருகோணமலை மாவட்டம் நாடாளுமன்றத்துக்குத் தெரிவுசெய்த நால்வரும் ஆண்கள். உலகின் முதலாவது பெண் பிரதமரை 1960இல் கண்ட நாடு இது.

இப்போது இரண்டு மாணவிகளுடன் மூதூர், குச்சவெளிப் பிரதேச சபைகளின் கூட்டறிக்கைகளை வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். பெண்கள் முன்மொழிந்தவை எவை, வழிமொழிய யார் முன்வந்தார்கள், பாதீட்டில் பணம் எதற்குக் கிடைத்தது என்று பிரித்துக் குறிக்கிறோம். அடுத்த வாரம் வீதி விளக்குகளிலிருந்து தொடங்குகிறோம்.