மைனஸ் 2 காட்டிய ஃபிரிட்ஜும் குலுக்கல் சோதனையும்

திங்கட்கிழமை காலையில் டேட்டா லொகரை (ஃபிரிட்ஜின் வெப்பநிலையைப் பதியும் கருவி) பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது. கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கிளினிக்கின் தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டியது, ஞாயிறு இரவு மூன்று மணிநேரம் மைனஸ் 2இல் நின்றிருக்கிறது. உள்ளே இருந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மைனஸ் 0.5 அளவிலேயே உறையத் தொடங்கிவிடும்.

"விவிஎம் நிறம் மாறவில்லையே, போடலாம்" என்றார் கூட வேலை செய்பவர். தயவுசெய்து இப்படி நினைக்காதீர்கள். விவிஎம் என்று குப்பியில் இருக்கும் அந்த நிறம் மாறும் அடையாளம் சூடு பட்டதைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டவே காட்டாது. உறைந்து உருகிய மருந்தில் அலுமினியத் துணிக்கைகள் ஒட்டித் திரண்டுவிடும், வீரியமும் போய்விடும், பிள்ளைக்கு ஊசி குத்திய வலிதான் மிச்சம்.

குப்பிகளைச் சோதித்துப் பார்க்கக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு போன் எடுத்தேன், கொண்டுவரச் சொன்னார்கள். ஆறு குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, காலி வீதி (Galle Road) நெரிசலில் ஒன்றரை மணிநேரம் திரீவீலரில் போய் இறங்கினால், "கடிதம் எங்கே தங்கச்சி? லொட் (தயாரிப்புத் தொகுதி) இலக்கம் எழுதிய கடிதம் இல்லாமல் எடுக்கமாட்டோம்" என்றார் இலிகிதர். போனில் அதைச் சொல்லியிருக்கலாமே! பொறுப்பான டாக்டரும் அன்று இல்லை.

திரும்பும் வழியில்தான் இன்னொன்று உறைத்தது. ஐஸ் பைகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைத்துவிட்டேன். குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே விட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் பைகளே குப்பிகளை உறையவைத்துவிடும்.

சரி, குப்பி உறைந்ததா என்று குலுக்கி வைத்துப் பார்க்கும் குலுக்கல் சோதனையை நாங்களே செய்வோம் என்று முடிவெடுத்தோம். முதல் இரவு வீண். ஒப்பிடுவதற்கு வேண்டுமென்றே உறையவைத்த குப்பி வேறு லொட். ஒரே கம்பனி, ஒரே மருந்து, ஒரே லொட் என்று இருந்தால்தான் ஒப்பிடமுடியும், ஆகவே இன்னொரு நல்ல குப்பியைப் பலி கொடுக்கவேண்டி வந்தது. இரவு முழுக்கக் கட்டியாக உறையவிட்டு, சூடுகாட்டாமல் தானாக உருகவிட்டு, சந்தேகக் குப்பியையும் அதையும் ஒரே கையில் பிடித்துப் பத்துப் பதினைந்து விநாடி குலுக்கி மேசையில் வைத்தோம். அரை மணிநேரம் மேசையில் யாரையும் கைவைக்க விடவில்லை.

உறையவைத்தது மளமளவென்று அடியில் படிந்து மேலே தெளிந்துவிட்டது. ஃபிரிட்ஜின் முன்தட்டில் இருந்தவை கலங்கலாகவே நின்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பின்சுவரை ஒட்டி இருந்த ஒன்பதும் உறைந்ததைப் போலவே படிந்தன, ஒதுக்கிவிட்டோம். ஐஸ் பெட்டியில் போய்வந்த ஆறும் அப்படியே படிந்தன. அவை ஃபிரிட்ஜில் கெட்டனவா, என் பெட்டியில் கெட்டனவா என்று இனி எந்தச் சோதனையும் சொல்லாது.